ஒரு வரி கூடுதல்

குற்றப்பத்திரிகையில் இரண்டு பிரிவுகள் இருந்தன. இந்திய தண்டனைச் சட்டம் 408: முதலாளி நம்பி ஒப்படைத்ததை ஊழியர் கையாடுவது. 477ஏ: கணக்கைப் பொய்யாக எழுதுவது. இரண்டுக்குமே 7 ஆண்டு வரை சிறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நகைக்கடன் நிறுவனக் கிளையின் காசாளர். முப்பது வயதைத் தாண்டாத பெண். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். வழக்கு கோலார் தங்கவயல் ஜே.எம்.எஃப்.சி. நீதிமன்றத்தில் நடந்தது. கட்சிக்காரர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

477ஏ வழக்குகளை அதற்கு முன்பும் நடத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் தகராறு பேரேட்டில் இருக்கும். மை வேறாக இருக்கும், கையெழுத்து வேறாக இருக்கும், சுரண்டி எழுதிய இடத்தில் தாள் மெலிந்திருக்கும். கையெழுத்து நிபுணரைக் கூண்டில் ஏற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். இந்த வழக்கில் பேரேடு கணினியில் இருந்தது. அங்கே எதைச் சுரண்டினாலும் தாள் மெலியாது.

நடந்ததாக நிறுவனம் சொன்னது இது. ஆண்டர்சன்பேட்டையைச் சேர்ந்த ஓர் அம்மா 2023 பிப்ரவரியில் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 5 உருப்படி நகையை அடகு வைத்தார். ஆகஸ்ட் 28ஆம் தேதி பணத்தோடு மீட்க வந்தார். பெட்டகத்தில் பொட்டலம் இல்லை. கணினியில் பார்த்தபோது, அந்தக் கடன் ஜூலை 14 மாலை 5.42 மணிக்கே முடிக்கப்பட்டு நகையும் திருப்பித் தரப்பட்டதாக இருந்தது. பணம் வேறொரு கிளையில் கட்டப்பட்டதாகக் குறிப்பு. அந்தக் கிளையில் அப்படி ஒரு வரவே இல்லை. பதிவைச் செய்த பயனர் ஐடி என் கட்சிக்காரருடையது.

இந்த ஊரில் ஒரு பொட்டலம் காணாமல் போவது என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, தங்கவயலின் சம்பளம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிற சம்பளம் ஆகிவிட்டது. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலைத் தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, வளைகாப்பு எது வந்தாலும் வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று சவரன் கடைக்குப் போகும், மெல்ல மீளும், மறுபடி போகும். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் நகை பெட்டியில் இருக்கும் மாதங்களைவிட அடகில் இருக்கும் மாதங்கள் அதிகம். அந்த அம்மா காவல் நிலையத்தில் அழுததைப் பார்த்தவர்கள் என் கட்சிக்காரரின் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பெட்டகச் சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கும் சார். பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். நான் லீவு போட்டா அடுத்தவங்க என் ஐடியிலதான் வேலை பாப்பாங்க” என்றார் அவர்.

நம்பினேன். ஆனால் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லாத கட்சிக்காரரை எந்தக் கணினி வழக்கிலும் நான் பார்த்ததில்லை. அதை மட்டும் சொல்லி விடுதலை வாங்க முடியாது. ஜூலை 14இன் கேமரா பதிவு இருந்தால் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்துவிடும். கிளையின் டி.வி.ஆர். பெட்டி 30 நாள் பதிவைத்தான் வைத்திருக்கும். அதற்குமேல் தானே அழித்து எழுதிக்கொள்ளும். ஆகஸ்ட் 28இல் புகார் கிளம்பியபோது ஜூலை 14 போய்விட்டிருந்தது.

அரசுத் தரப்பு முழுக்க நின்றது ஒரு பென் டிரைவின் மேல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் கிளையில் நடந்த ஒவ்வொரு பதிவும் வரிவரியாக ஒரே கோப்பில் இருந்தது. கூடவே சாட்சியச் சட்டம் 65பி(4) சான்றிதழ். நிறுவனத்தின் மண்டலக் கணினி அதிகாரி கையெழுத்திட்டிருந்தார். சான்றிதழின் அடியில் எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் கொண்ட ஒரு வரி: அந்தக் கோப்பின் ஷா-256 ஹாஷ்.

65பி, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோடு சாட்சியச் சட்டத்துக்குள் வந்தது. 2004இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம், யாகூ குழுவில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தி எழுதியவருக்குத் தண்டனை தந்தபோது இந்தச் சான்றிதழ் ஏற்கப்பட்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்றது. பிறகு பல ஆண்டுகள் கீழ் நீதிமன்றங்களில் சி.டி.யும் பிரிண்ட் அவுட்டும் கேள்வி கேட்பாரின்றி ஏறின. கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்கான அன்வர் எதிர் பஷீர் தீர்ப்புதான் (2014 செப்டம்பர் 18) அந்தக் கதவைச் சாத்தியது. மூலக் கருவியையே கொண்டுவராத வரை சான்றிதழ் கட்டாயம். 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது.

ஹாஷ் என்பது ஒரு கணக்கு. கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை முழுக்கப் படித்து, 64 குறிகளில் ஓர் அடையாளம் தரும். கோப்பின் பெயரை மாற்றினால் அந்த அடையாளம் மாறாது. நகல் எடுத்தாலும் மாறாது. உள்ளே ஒரு காற்புள்ளி நகர்ந்தால் முழு வரியும் வேறாகிவிடும். அடையாளத்திலிருந்து பின்னோக்கிப் போய் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, கோப்பு கை மாறும் முன் அடையாளத்தை எழுதி வைத்துக்கொண்டால், பிறகு யார் கை வைத்தாலும் தெரிந்துவிடும்.

என் ஜூனியர் கணினி படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்த பையன். எடுத்தவுடன் ஹாஷை உடைக்கலாம் என்றான். எம்.டி.5 என்ற முறையின் பலவீனம் 2004இலேயே வெளிப்பட்டது. ஷா-1 முறையில் ஒரே அடையாளம் வரும் இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப். கோப்புகளை 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் செய்தே காட்டிவிட்டார்கள். ஆனால் எங்கள் சான்றிதழில் இருந்தது ஷா-256. அதில் அப்படி இன்றுவரை யாரும் செய்து காட்டியதில்லை. சரி, கோப்பையாவது சோதிப்போம் என்று இறங்கினோம்.

போலீஸ் எங்களுக்குத் தந்தது அச்சிட்ட தாள்கள். தாளுக்கு ஹாஷ் போட முடியாது. பென் டிரைவின் அச்சு அசலான நகல் வேண்டும் என்று மனு போட்டோம். 2019இல் உச்ச நீதிமன்றம் பி. கோபாலகிருஷ்ணன் எதிர் கேரள அரசு வழக்கில், மெமரி கார்டில் இருப்பதும் ஆவணமே, குற்றம் சாட்டப்பட்டவர் அதன் நகலைப் பெற உரிமை உண்டு என்று சொல்லியிருந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் கருதி அந்த வழக்கில் மட்டும் பார்வையிட அனுமதி, நகல் இல்லை. எங்கள் வழக்கில் அப்படி எந்தத் தடையும் இல்லை. மாஜிஸ்திரேட் அனுமதித்தார்.

அதே கேரள வழக்கின் மெமரி கார்டுக்கு நேர்ந்ததை ஜூனியருக்குச் சொல்லி எச்சரித்தேன். அது நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தபோதே அதன் ஹாஷ் மாறியிருந்தது என்று தடய அறிவியல் ஆய்வு கண்டது. 2018இலும் 2021இலும் யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள், ஒருமுறை கைபேசியிலேயே செருகியிருக்கிறார்கள். கார்டைக் கைபேசியில் செருகினாலே போதும், கைபேசி தன் பங்குக்கு அதில் எதையாவது எழுதிவிடும். கார்டில் உள்ள வீடியோவில் யாரும் கை வைக்காவிட்டாலும் கார்டின் மொத்த அடையாளம் மாறிவிடும். எனவே எங்களுக்குக் கிடைத்த நகலை எழுதத் தடைபோட்ட கருவி வழியாக மட்டுமே கணினியில் இணைத்தோம். எக்செல்லில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் ஹாஷ் எடுத்தோம்.

64 குறியும் பொருந்தியது.

“மேட்ச் ஆயிடுச்சு சார்” என்றான் ஜூனியர், ஜாமீன் தள்ளுபடியான முகத்தோடு.

அன்று மாலை கட்சிக்காரரிடம் நான் கேட்டது ஹாஷைப் பற்றி அல்ல. நகையை அடகு வாங்கும்போது பொட்டலத்தை எப்படி மூடுவீர்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளர் முன்னாலேயே எடை போட்டு, உறையில் இட்டு, ஒட்டி, அரக்கு வைத்து, மூடியின் குறுக்கே அவரிடமும் கையெழுத்து வாங்குவோம் என்றார். ஏன் அவர் முன்னால்? “இல்லாட்டி நாம உள்ள என்ன வெச்சோம்னு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?” வழக்கின் வாதம் அந்த இடத்தில் கிடைத்துவிட்டது. முத்திரை உடையவில்லை என்றால், முத்திரை வைத்த பிறகு யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். வைப்பதற்கு முன் உள்ளே என்ன போட்டார்கள் என்பதற்கு முத்திரை பேசாது. சான்றிதழ் செப்டம்பர் 2ஆம் தேதி எடுத்த கோப்புக்கு உரியது. செப்டம்பர் 2க்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பதில் எங்களுக்குத் தகராறே கிடையாது. ஜூலை 14க்கும் செப்டம்பர் 2க்கும் இடையே ஏழு வாரம் அந்தப் பதிவு யார் கையில் இருந்தது?

இதற்கு நிறுவனத்திடம் ஒரு பதில் இருந்தது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தத் தடத்தை யாரும் நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்ட விதி. இவர்கள் மென்பொருள் அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தது. ஒவ்வொரு வரியிலும் அதற்கு முந்தைய வரியின் ஹாஷ் சேர்க்கப்பட்டு, இரண்டுக்குமாகப் புதிய ஹாஷ் கணக்கிடப்படும். அது அடுத்த வரிக்குள் போகும். நடுவில் ஒரு வரியைத் திருத்தினாலோ நுழைத்தாலோ அங்கிருந்து கடைசி வரை எல்லா அடையாளமும் பொருந்தாமல் போகும். ஜூனியர் கோப்பின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கணக்கிட்டுப் பார்த்தான். சங்கிலி எங்கும் அறுபடவில்லை.

கட்சிக்காரரிடம் மாலையில் கடை அடைக்கும் வேலையை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். பணம் எண்ணுவது, பொட்டலம் சரிபார்ப்பது, பெட்டகம் பூட்டுவது. “அப்புறம் டே எண்ட் போடுவோம் சார். ரிப்போர்ட் தானா மெயில்ல போயிடும். எத்தனை என்ட்ரின்னு இருக்கும், கேஷ் எவ்ளோன்னு இருக்கும், கீழ கன்னாபின்னான்னு ஒரு வரி இருக்கும். அத யாரும் படிக்கிறதில்ல.”

யாருக்குப் போகும்?

“மேனேஜருக்கு, ஹெட் ஆபீசுக்கு, அப்புறம் ஆடிட்டருக்கு.”

ஆடிட்டர் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர். கணக்குத் தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா, அதில் யாராவது கை வைத்தார்களா என்று தணிக்கை அறிக்கையில் அவர் எழுதியாக வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதனால்தான் அவருக்கும் தினமும் அறிக்கை போயிருக்கிறது. யாரும் படிக்காத அந்தக் கடைசி வரி, அன்றைய சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருக்க வேண்டும் என்று ஜூனியர் சொன்னான். அப்படியானால் அந்த ஏழு வாரமும் ஒவ்வொரு மாலையும் நிறுவனம் தன் பேரேட்டின் அடையாளத்தை வெளியாள் ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கிறது.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991இல் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மின் ஆவணத்துக்குத் தேதி முத்திரை குத்துகிறவனே பொய் சொன்னால் என்ன செய்வது? ஆவணங்களைச் சங்கிலியாகக் கோத்து, சங்கிலியின் அடையாளத்தை அவன் திரும்பப் பெற முடியாத இடத்தில் போட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் விடை. அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் விளம்பரப் பகுதியில் ஒரு ஹாஷை அச்சிட்டது. விற்றுத் தீர்ந்த செய்தித்தாளை ஊர் ஊராகப் போய்த் திருத்த எவராலும் முடியாது.

ஆனால் அந்த மின்னஞ்சல்களை நான் பார்க்கவில்லை. பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது குறுக்கு விசாரணையில் முதல் பாடம். ஆடிட்டரின் அறிக்கையும் கோப்போடு பொருந்திவிட்டால் நாமே நமக்கு எதிரான சாட்சியைக் கூட்டிவந்தவர்கள் ஆவோம். இதைக் கட்சிக்காரரிடம் மறைக்காமல் சொன்னேன்.

“வரட்டும் சார். அந்த வரிய நான் எழுதல” என்றார்.

அடுத்த முடிவு சான்றிதழ் பற்றியது. அதில் ஒரு குறை இருந்தது. கோப்பு எடுக்கப்பட்ட கணினி எது, அது யார் பொறுப்பில் இருந்தது என்று எழுதவில்லை. ஆட்சேபம் எழுப்பியிருக்கலாம். ஆவணம் குறியிடப்படும்போதே அதை எழுப்ப வேண்டும், பிறகு எழுப்ப முடியாது என்று 2017இல் சோனு எதிர் அரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால், அன்றைக்கே தீர்மானிக்க வேண்டியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞர் (ஏ.பி.பி.) என்னைத் திரும்பிப் பார்த்தார். கோப்பு ஆவணமாக ஏறினால்தான் அதை ஆடிட்டரின் அறிக்கையோடு ஒப்பிட முடியும். தள்ளுபடி ஆகியிருந்தால் நிறுவனம் திருத்தமான சான்றிதழோடு மறுபடி வந்திருக்கும். நானும் என் துருப்பைக் காட்டியிருப்பேன்.

கணினி அதிகாரியின் குறுக்கு விசாரணை நீளவில்லை. எங்கள் நீதிமன்றத்தில் கேள்வி தமிழில் பிறந்து, கன்னடத்தில் பதிவாகி, பாதி ஆங்கிலத்தில் பதில் வரும்.

“ஹாஷை எப்போது கணக்கிட்டீர்கள்?”

“செப்டம்பர் 2.”

“அதற்கு முன் இந்தப் பதிவுக்கு ஹாஷ் எடுத்து யாரிடமாவது கொடுத்தீர்களா?”

“தேவை இருக்கவில்லை. சங்கிலிப் பதிவு, யாராலும் திருத்த முடியாது.”

“கோப்பில் உள்ள ஹாஷ் நிரல் அந்தச் சங்கிலிதானே? ஒவ்வொரு வரிக்கும் அது கணினி அன்றன்றைக்குப் போட்டதுதானே?”

“ஆமாம்.”

அந்த “அன்றன்றைக்கு” என்ற சொல் வாக்குமூலத்தில் ஏறியதா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் நேர்மையான சாட்சி. சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாக விளக்கினார். தரவுத்தளம் பழுதாகி, காப்பு நகலிலிருந்து மீட்க வேண்டி வந்தால் சங்கிலி அறுந்துவிடுமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மறுபடி கணக்கிட்டுக் கோக்க ஒரு கருவி இருக்கிறது என்றார். யார் அதை இயக்கலாம்? அட்மின் உரிமை உள்ளவர். காசாளர் ஐடிக்கு அந்த உரிமை உண்டா? இல்லை. அந்தக் கருவியை இயக்கியதற்குத் தனிப் பதிவு இருக்குமா? அந்தப் பதிப்பில் இல்லை. நாள் முடிவு அறிக்கையின் கடைசி வரி என்ன? அன்றைய கடைசிப் பதிவின் ஹாஷ்.

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்து எங்கள் தரப்பு தொடங்கியதும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 243(2)இன் கீழ் ஆடிட்டருக்குச் சம்மன் கேட்டோம். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அவருக்கு வந்த நாள் முடிவு மின்னஞ்சல்கள், 65பி சான்றிதழோடு. வழக்கை இழுத்தடிக்கும் தந்திரம் என்றார் ஏ.பி.பி. மாஜிஸ்திரேட் சம்மன் அனுப்பினார்.

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்தவர் மடிக்கணினியும் அச்சுத் தாள் கட்டுமாகக் கூண்டில் ஏறினார். ஜூலை 13ஆம் தேதி அறிக்கையை எடுக்கச் சொன்னேன். கடைசி வரியின் முதல் எட்டுக் குறியையும் கடைசி எட்டுக் குறியையும் அவர் படிக்க, கோப்பின் ஜூலை 13 கடைசி வரியை மாஜிஸ்திரேட்டே பார்த்துக்கொண்டு வந்தார். பொருந்தியது. ஜூலை 14. முதல் குறியே வேறு. அதே அறிக்கையில் பதிவுகளின் எண்ணிக்கை 37 என்று இருந்தது. கோப்பில் எண்ணினால் 38.

ஜூலை 15 பொருந்தவில்லை. 17 பொருந்தவில்லை. ஆகஸ்ட் 21 வரை ஒரு நாளும் பொருந்தவில்லை. ஆகஸ்ட் 22 பொருந்தியது. அதன்பின் எல்லாம் பொருந்தின.

இதன் பொருளை வாதத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஜூலை 14 மாலை ஆடிட்டருக்குப் போனபோது பேரேட்டில் 37 வரி. என் கட்சிக்காரர் மேல் பழி சுமத்தும் வரி அதில் இல்லை. ஆகஸ்ட் 21 மாலை வரையும் அது இல்லை. ஆகஸ்ட் 21 மாலைக்கும் 22 மாலைக்கும் இடையே யாரோ ஜூலை 14க்குள் அதை நுழைத்து, அங்கிருந்து சங்கிலி முழுவதையும் மறுபடி கோத்திருக்கிறார்கள். அதனால்தான் உள்ளிருந்து பார்த்தால் அறுபடாத சங்கிலி. ஜூலை 14 என்ற தேதியைத் தேர்ந்தவருக்குக் கேமரா பதிவு எத்தனை நாளில் அழியும் என்பதும் தெரிந்திருக்கலாம்.

ஏ.பி.பி. விடவில்லை. ஆடிட்டரிடம் இருக்கும் மின்னஞ்சலை மட்டும் யாரும் திருத்தியிருக்க மாட்டார்களா என்றார். நியாயமான கேள்வி. பொறியாளரை மறுபடி அழைத்தோம். நிறுவனத்தின் சர்வரிலிருந்து கிளம்பும் மின்னஞ்சலின் தலைப்பில் டிகிம் என்ற மின் கையொப்பம் இருக்கும்; அஞ்சலின் உடலுக்கும் அதில் ஒரு ஹாஷ் உண்டு. அதைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் நிறுவனத்தின் டொமைனிலேயே அப்போதும் மாறாமல் இருந்தது. ஜூலை 14 அஞ்சலைச் சரிபார்த்தார். கையொப்பம் செல்லும் என்றார். ஆடிட்டர் திருத்தவில்லை என்பதற்கு நிறுவனத்தின் சர்வரே சாட்சி சொல்லிவிட்டது.

மாஜிஸ்திரேட் இறுதி வாதத்தில் என்னிடம் ஒன்று கேட்டார். “கோப்பின் ஹாஷ் சரி என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். சங்கிலி அறுபடவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறீர்கள். பிறகு எதை நம்பக் கூடாது என்கிறீர்கள்?”

“சுவாமி, முத்திரை சரியாக இருக்கிறது. முத்திரை வைத்தவர் தனியாக இருந்து வைத்திருக்கிறார். மூடியின் குறுக்கே இன்னொருவர் கையெழுத்து இருக்கும் ஒரே பொட்டலம் ஆடிட்டர் கொண்டுவந்தது” என்றேன். நகை அடகு வைத்துப் பார்க்காதவர் எங்கள் ஊரில் நீதிமன்ற ஊழியர் உட்பட யாரும் இல்லை. மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

248(1)இன் கீழ் விடுதலை. கோப்பு செப்டம்பர் 2க்குப் பிறகு மாறவில்லை என்பதை ஏற்றுக்கொண்ட தீர்ப்பு, அது ஜூலை 14இன் நிலையைக் காட்டுகிறது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றது. நகையை எடுத்தது யார் என்று தீர்ப்பு சொல்லவில்லை. அது எங்கள் வழக்கும் அல்ல. அந்த அம்மாவுக்கு நிறுவனம் நகையின் மதிப்பைக் கொடுத்தது. நகை கிடைக்கவில்லை. என் கட்சிக்காரர் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. இப்போது அவரும் காலை ரயில்.

1930இல் இந்த ஊரின் சுரங்கத் தொழிலாளர்கள் கம்பெனி கொண்டுவந்த கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பயம் என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. இந்த வழக்குக்குப் பிறகு எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. நம்மைப் பற்றிய பதிவு நமக்கு எட்டாத ஒரே கையில் இருக்கும்போது, அது மையால் எழுதப்பட்டதா ஹாஷால் கோக்கப்பட்டதா என்பது இரண்டாவது கேள்விதான்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எங்கள் வழக்கு அதற்கு முன்பே நிலுவையில் இருந்ததால் பழைய சட்டப்படியே முடிந்தது. புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்துக்கு இரண்டு பகுதிகள்: ஒன்று ஆவணத்தைத் தருபவருக்கு, மற்றது நிபுணருக்கு. இரண்டிலும் ஹாஷ் எழுத இடம் இருக்கிறது. ஷா-1, ஷா-256, எம்.டி.5 என்று கட்டங்களும் இருக்கின்றன. நல்ல மாற்றம். இனி ஹாஷ் இல்லாத பென் டிரைவ் நீதிமன்றத்துக்குள் வருவது கடினம். அதோடு ஒரு தொல்லையும் வரும். கட்டத்தில் குறி போட்டிருக்கிறது, 64 குறி எழுதியிருக்கிறது, ஒப்பிட்டால் பொருந்துகிறது, ஆகவே உள்ளே இருப்பதெல்லாம் உண்மை என்று எல்லாரும் நாற்காலியில் சாய்ந்துகொள்வார்கள்.

என்னிடம் வரும் ஜூனியர்களுக்கு நான் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுக்கிறேன். இந்த ஹாஷ் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? சம்பவத்துக்கும் அந்தத் தேதிக்கும் இடையே பதிவைத் திருத்தும் உரிமை யார் யாருக்கு இருந்தது? அந்த இடைவெளியில் பதிவின் ஏதாவது ஒரு சுவடு அவர்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனதா? முதல் இரண்டுக்கும் பதில் எதிர்த்தரப்பிடம் இருக்கும். மூன்றாவதற்கான பதில் அநேகமாக உங்கள் கட்சிக்காரருக்கே தெரியும், அது முக்கியம் என்றுதான் தெரிந்திருக்காது. வாடிக்கையாளருக்குப் போகும் எஸ்.எம்.எஸ்., தலைமை அலுவலகத்துக்குப் போகும் அறிக்கை, ஆடிட்டருக்குப் போகும் மின்னஞ்சல் என்று அந்தக் கணினி தானாக யாருக்கு எதை அனுப்பிக்கொண்டிருந்தது என்ற பட்டியலை, வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.